சொந்தப் படைக்கு விழுந்த குண்டு

லப்பைக்குடிக்காட்டில் ஜரீனா வீட்டு மருமகள்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது அந்தத் தெரு முழுக்கத் தெரியும். பேசாமலே அவர்கள் எப்படி இவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. மூத்தவள் ருமைசா அடுப்படியில் ஒரு சட்டியை இறக்கி வைத்தால், அந்தச் சத்தத்திலேயே சின்னவள் சமீராவுக்கு ஒரு முழு வசவு வந்து சேர்ந்துவிடும். சமீராவும் சும்மா இருப்பவள் அல்ல. மாடிக்குப் போய், கொடியில் காயும் ருமைசாவின் துணிகளையெல்லாம் நிழல் விழும் மூலைக்குத் தள்ளிவிட்டு, வெயில் படும் இடத்தில் தன் துணிகளை விரித்துவிட்டு வருவாள்.

சமீரா பிறந்தது வி.களத்தூரில். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு அவளை அன்சாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். விடுப்பு தீர்ந்ததும் அன்சார் குவைத்துக்குத் திரும்பிவிட்டான். ருமைசாவின் கணவன் நஜீமுதீன் அன்சாருக்கு அண்ணன். அவனும் அங்கேதான் வேலை. இருவருக்கும் ஒரே அறை. வீட்டில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் மட்டும்.

பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு சமீரா போய் விசாரித்தாள். சென்டர் நடத்தும் அரங்கநாதன் சார் அவளோடு பேசிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசமே வந்துருங்கம்மா" என்றார். அன்சாரும் போனில் சரி என்றுதான் சொன்னான். அந்த வாரம் முடிவதற்குள் அவன் குரல் மாறிவிட்டது.

"வேலை கேக்கப் போறேன்னுட்டு, அந்த சென்டர்ல உக்காந்து யார் யாரோடயோ சாட்டிங் பண்றியாமே? ருமைசா மச்சி சொன்னாங்க. அவங்க சொந்தக்காரங்க கண்ணால பாத்திருக்காங்க. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்ல இரு."

அண்ணியை அவன் மச்சி என்றுதான் கூப்பிடுவான். சமீரா அழுதாள், சத்தியம் செய்தாள். அவன் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது ருமைசா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் மறுபடி குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையே போதும் என்று சமீரா முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் எதையும் கேட்கவில்லை. ருமைசாவும் எதையும் சொல்லவில்லை.

2006ஆம் வருடம் விடுப்பில் வந்த நஜீமுதீன் திருச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்தான். முகம் பார்த்துப் பேசும் கேமராவும் அதோடு வந்தது. பிராட்பேண்டு கனெக்ஷனுக்கும் எழுதிக் கொடுத்தான். "சமீரா, உங்க அக்காவுக்கு எப்படித் தொறக்குறது, எப்படிப் பேசுறதுன்னு சொல்லிக் குடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். சமீரா சொல்லிக்கொடுத்தாள். வாயால் அல்ல. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று ஸ்கேல் ஒன்றால் தொட்டுக் காட்டினாள். ருமைசா அதைப் பார்த்து வேகமாகவே பிடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரைப் பொருத்த வந்த ஆள் அதில் சில விளையாட்டுகளையும் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். அதில் ஒன்றுதான் தவளை விளையாட்டு.

நான்கு தவளைகள் கொண்ட ஒரு படை நம்முடையது. எதிரே முதலைகளின் படை. நடுவில் மலையோ குளமோ இருக்கும். நம் முறை வரும்போது ஒரு தவளை பீரங்கியைத் தோளில் தூக்கும். எவ்வளவு சாய்க்க வேண்டும், எவ்வளவு விசை கொடுக்க வேண்டும் என்று நாம் பார்த்துச் சுட வேண்டும். காற்று ஒரு பக்கமாக அடித்துக் குண்டைத் திருப்பிவிடும். பீரங்கிக் குண்டு தீர்ந்தால் தர்பூசணியை எறியலாம், வெடிக்கும் கோழியை ஓடவிடலாம். அடிபட்ட தவளை கீச்சுக்குரலில் இங்கிலீஷில் ஏதோ புலம்பிவிட்டு, பலூன் மாதிரி ஊதிப்போய் வெடிக்கும். அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் குடை மட்டும் கிடக்கும்.

அதற்கு ஒரு கதையும் இருந்தது. ஒரு முதலை விஞ்ஞானி தவளை நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் திருடிக்கொண்டு பழைய காலத்துக்கு ஓடிவிடுகிறான். தவளைகள் ஒரு வாஷிங்மெஷினுக்குள் ஏறிக்கொள்கின்றன. அது கடகடவென்று சுற்றி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு யுகத்தில் அவற்றைத் துப்பும். முதலில் டைனோசர் காலம், பிறகு எகிப்து, பிறகு கோட்டை கொத்தளம் கட்டி ராஜாக்கள் சண்டை போட்ட காலம். ஒவ்வொரு யுகத்திலும் ஜெயித்தால்தான் வாஷிங்மெஷின் அடுத்த யுகத்துக்குச் சுற்றும்.

மதியச் சாப்பாட்டுக்கும் மாலை அஸர் தொழுகைக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் சமீரா அதை ஆட ஆரம்பித்தாள். தவளைகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். ஒன்றுக்குத் தன் பெயரை வைத்தாள். இன்னொன்றுக்கு ருமைசா என்று இங்கிலீஷில் தட்டினாள். ருமைசாத் தவளையை ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஆளாக எதிரிக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவாள். அது ஊதி வெடிக்கும்போது அவள் மனதில் ஒரு குளுமை இறங்கும்.

ஒருநாள் எகிப்தில் கடைசி முதலையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது திரை பொசுக்கென்று அணைந்தது. அதுவரை ஆடியதை அவள் சேமித்திருக்கவில்லை. எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டில் டி.வி. ஓடுகிறது. மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் ருமைசா ஈரக்கையைத் துடைத்தபடி நின்றாள்.

"கரண்டு போச்சு போல" என்றாள் சுவரைப் பார்த்து. மாதக் கணக்கில் அவள் சமீரா காதில் விழும்படி பேசிய முதல் வார்த்தை அது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: "டென்த்து வரைக்கும் நானும் இங்கிலீஷ் படிச்சவதான். எம்பேரு எழுதுனா எனக்கு வாசிக்கத் தெரியும்."

சமீராவுக்குக் காது சூடாகிவிட்டது. அன்றே கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு போட்டாள். மறுநாள் காலை ருமைசா நேராக மாமியாரிடம் போனாள்.

"மாமி, பெரிய மவன் சம்பாதிச்சு வாங்குன சாமானுக்கு சின்ன மருமவ பூட்டுப் போட்டிருக்கா. என்னான்னு கேளுங்க."

ஜரீனாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பூட்டு என்றால் என்னவென்று தெரியும். இருவரையும் கூடத்தில் நிற்கவைத்தாள். "வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்? கேட்டுக்குங்க. இனிமே தனித்தனியா யாரும் அதத் தொடக்கூடாது. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா தொறங்க. இல்லன்னா துணியப் போட்டு மூடிருங்க. எம்புள்ளைங்க போன் பண்ணாப் பேசுறதுக்கு மட்டும் போதும்."

துணியைப் போட்டு மூடுவார்கள் என்றுதான் ஜரீனா எதிர்பார்த்தாள். ஆனால் அன்று மதியம் ருமைசா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து சமீராவின் நாற்காலிக்குப் பக்கத்தில் டங்கென்று போட்டாள். "தொற" என்றாள்.

தோற்றுப்போனவளாக எழுந்துபோக சமீராவுக்கு மனமில்லை. திறந்தாள்.

ஒரே படை, ஒரே மௌஸ். ஒரு முறை இவள், ஒரு முறை அவள் என்று பேசாமலே வழக்கமாகிவிட்டது. எகிப்தில் தவறவிட்ட ஆட்டத்தை முடித்தார்கள். டைனோசர் காலத்தை ருமைசா பார்த்ததில்லை என்பதால், சமீரா எழுந்து தண்ணீர் குடிக்கப் போன சமயம் அவளே பழைய யுகத்துக்குத் திருப்பிவிட்டாள். திரையில் ஒரு பெரிய டைனோசர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. "எங்க அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டுற எடத்துல இதோட எலும்பு கெடச்சுது. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க" என்று ருமைசா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுவில் முதலை திரையில் வந்து நீளமாக ஏதோ பேசியது.

"என்னா சொல்லுது அது?"

"டென்த்து வரைக்கும் படிச்சவங்களுக்குத் தெரியணுமே."

ருமைசா பல்லைக் கடித்தாள். அடுத்த முறை அவளுடையது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நிதானமாகப் பார்த்து, எதிரே நின்ற முதலைகளை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சொந்தப் படைத் தவளையின் தலையில் தர்பூசணியை இறக்கினாள். அது சமீரா என்ற பெயர் வைத்த தவளை. அது கீச்சென்று புலம்பி, ஊதி, வெடித்தது. குடை விழுந்தது.

"கை தவறிப் போச்சு" என்றாள் ருமைசா.

சமீராவின் கையும் அடுத்த முறை தவறிப்போனது.

இப்படியே நாட்கள் போயின. எதிரி முதலைகள் பல ஆட்டங்களில் ஒரு குண்டுகூடச் சரியாகச் சுட வேண்டியிருக்கவில்லை. தவளைகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு அழிந்துபோகும். தோற்றுவிட்டீர்கள் என்று திரை சொல்லும். இருவரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, ஒருத்தி அடுப்படிக்கும் ஒருத்தி மாடிக்கும் போவார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே நாற்காலிகளில் வந்து உட்காருவார்கள். தூரத்திலிருந்து பார்த்த ஜரீனா, மருமகள்கள் ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.

கோட்டைக் காலத்தில்தான் சண்டை வெளிப்படையாக வெடித்தது. அந்த யுகத்தில் முதலைகள் உயரமான மதிலுக்குப் பின்னால் இருந்தன. நான்கு தவளைகளும் உயிரோடு இருந்தாலொழிய மதிலைத் தகர்க்க முடியாது. அன்று சமீரா தன் கோபத்தை அடக்கிக்கொண்டு ஒழுங்காகவே சுட்டுவந்தாள். மதில் பாதி இடிந்துவிட்டது. ருமைசாவின் முறை வந்தது. அவள் பீரங்கியை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

"வேணாம்" என்றாள் சமீரா. "நீங்க செய்யப் போறது எனக்குத் தெரியும். வேணாம்."

குண்டு போனது. சமீராத் தவளை மதிலுக்குக் கீழே அகழியில் விழுந்து மூழ்கியது.

சமீரா மௌஸை மேசையில் அடித்தாள். "உங்களுக்கு என்னதான் வேணும்? ஒண்ணுமே தெரியாத பொம்மையக்கூட விட மாட்டீங்களா? வாய் வச்சு எம் வேலையக் கெடுத்தீங்க. எம்பேரக் கெடுத்தீங்க. கட்டுன மாப்ளைகிட்டயே என்னைக் கேவலமா சொன்னீங்க. அது போதாதா?"

ருமைசா அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல அது.

"நான் சொன்னேனா? உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான் சொன்னாரு. வேற யாரு சொல்லணும்?"

"அப்ப அவன்கிட்டயே போயிக் கேளு. நான் அவன்கிட்ட உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவன்தான் எனக்குப் போன் பண்ணான். 'மச்சி, இவ வேலைக்குப் போறது எனக்குப் புடிக்கல, வேணாம்னு நேரடியாச் சொன்னா அழுவா, நீங்க ஏதோ சொன்னதாச் சொல்லிக்கிறேன், கோச்சுக்காதீங்க'ன்னான். சரி சொல்லிக்கன்னுட்டேன். அம்புட்டுதான்."

சமீரா திரையைப் பார்த்தாள். காற்றடிக்கும் பக்கத்தைக் காட்டும் முள் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிக் கேட்டாள்: "எதுக்கு சரின்னீங்க?"

"எதுக்குன்னா?" ருமைசாவின் குரல் இறுகியது. "பெத்த அத்தாவே என்னை அரியலூர் கடைவீதியத் தாண்ட விட்டதில்ல. பதினொண்ணாவதுக்கு அனுப்புங்கன்னு கெஞ்சினேன், நிக்காஹ் பேசிட்டாங்க. நீ மட்டும் பையத் தோள்ல போட்டுக்கிட்டு தெனம் பெரம்பலூர் பஸ் ஏறுவ, நான் இங்க மாமிக்குக் கஞ்சி வச்சிக் குடுத்துட்டு வாசல்ல நின்னு பாக்கணுமா? புடிக்கல எனக்கு. அதான் சரின்னேன். இப்பவும் புடிக்கலதான்."

சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். அன்று ஆட்டத்தை யாரும் மூடவில்லை.

சமீராவுக்கு ருமைசாவின் மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. ஆனால் அதை இத்தனை நாள் தான் சுமந்த விதம் முட்டாள்தனமாகத் தோன்றியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேமராவில் வந்து, "சாப்டியா, மாமிய நல்லாப் பாத்துக்க" என்று கேட்ட முகம் நினைவில் வந்தது. அந்த முகத்தின் முன்னால் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தான் செய்யாத தப்புக்குக் குனிந்து உட்கார்ந்திருந்ததும் நினைவில் வந்தது. அன்று முழுவதும் அவளால் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. சின்னச் சதுரத்துக்குள் அண்ணனும் தம்பியும் கட்டிலில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். படம் விட்டு விட்டு நகர்ந்தது. ஜரீனா முன்னால் உட்கார்ந்து மகன்களை நலம் விசாரித்தாள். ருமைசா கதவோரம் நின்றாள். தன் முறை வந்ததும் சமீரா சலாம் சொல்லிவிட்டு நேராகக் கேட்டாள்.

"மச்சான், நான் சென்டர்ல சாட்டிங் பண்ணேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அன்சார் சிரித்து மழுப்பினான். "இப்ப என்னாத்துக்கு அது? பழைய பேச்சு."

"எனக்குப் பழசு இல்ல. யாரு சொன்னா?"

"அதான் சொன்னேன்ல. மச்சிதான் சொன்னாங்க."

"அவங்க இங்கதான் நிக்கிறாங்க. நீங்கதான் போன் பண்ணி, அப்படிச் சொல்லிக்கிறேன்னு கேட்டீங்களாம்."

படம் அப்படியே நின்றுவிட்டது. அன்சாரின் வாய் பாதி திறந்தபடி உறைந்திருந்தது. குரல் மட்டும் வந்தது: "யாரு, மச்சியா சொன்னாங்க? பொய்யி. அவங்க பொய் சொல்றாங்க. குடும்பத்துல கலகம் பண்ணுறதே அவங்களுக்கு வேலையாப் போச்சு."

கதவோரம் நின்ற ருமைசா நேராக வந்து சமீராவின் தோளைத் தள்ளிவிட்டு கேமராவுக்கு முன்னால் குனிந்தாள்.

"யாருடா பொய்க்காரி? பக்கத்து வூட்டு போன்ல என்னைக் கூப்ட்டு, அரைமணி நேரம் கெஞ்சினது யாரு? 'மச்சி, என்னைக் காட்டிக் குடுத்துராதீங்க'ன்னது யாரு? குர்ஆன் மேல கை வச்சிச் சொல்றேன், நீயும் வச்சிச் சொல்லு பாப்போம். சொல்லுடா."

படம் மறுபடி நகர்ந்தபோது அன்சார் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நஜீமுதீன் தம்பியையே வெறித்துப் பார்த்தான். பிறகு கேமரா பக்கம் திரும்பினான்.

"அவன் கேட்டான்னா, நீ ஏன் சரின்ன? ஒரு பொண்ணு மேல பழி போடுறதுக்கு உம்பேரக் குடுப்பியா? இந்த வருஷம் ஃபேமிலி விசா எடுத்து உன்னை இங்க கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். வேணாம். நீ அங்கேயே இரு."

ருமைசா நிமிர்ந்தாள். அவள் முகத்திலிருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. சமீரா அதைப் பார்த்தாள். முதலில் ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் அவள் விடவில்லை. "மச்சான், நான் நாளைக்கு சென்டருக்குப் போயிக் கேக்கப் போறேன்."

"என்னமோ பண்ணிக்க" என்றான் அன்சார். "இனிமே எங்கிட்ட எதையும் கேக்காத."

"கேக்க மாட்டேன்."

இணைப்பு அறுந்ததும் ஜரீனா கத்த ஆரம்பித்தாள். "ஆம்பளைய இப்படியா நாலு பேருக்கு முன்னால நிக்க வச்சிக் கேப்பாங்க? எம்புள்ளை மொகத்தைப் பாத்தியா?"

"எம்மேல இல்லாத பழியப் போட்டது அவருதானே மாமி. நான் வெளியில கேக்கல. வூட்டுக்குள்ளதான் கேட்டேன்."

ருமைசா அன்று அடுப்படியில் சட்டி எதையும் சத்தமாக வைக்கவில்லை. அந்த அமைதி சமீராவுக்குப் பழைய சத்தத்தைவிடக் கனமாக இருந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது ருமைசா நின்றாள்.

"உனக்கு நான் சாட்சி சொல்லல. என்னைப் பொய்க்காரின்னான், அதுக்குச் சொன்னேன். நீ உன் சண்டைய உன் ரூம்ல வச்சிக்கிட்டிருந்தா எம் விசா போயிருக்காது. இத நான் மறக்க மாட்டேன்."

"நீங்க சரின்னு சொல்லாம இருந்தா எதுவுமே ஆயிருக்காது" என்றாள் சமீரா. "நானும் மறக்க மாட்டேன்."

மறுநாள் அவள் பெரம்பலூருக்குப் போனாள். அரங்கநாதன் சார் அவளை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் அந்த இடத்துக்கு எப்போதோ வேறொரு பெண்ணை வைத்துவிட்டார். மலர்கொடி என்று பெயர். கண்ணாடி அறைக்குள் அவள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சமீரா அதைப் பார்த்தபடி நின்றாள்.

"டைப்பிங் கிளாஸ் மட்டும் இருக்கும்மா. உங்க படிப்புக்கு அது கொறச்சல்தான்."

"பரவால்ல சார். வரேன்."

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலை, ஜரீனா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகக் கேட்டாள்: "மதியத்துக்கு யாரு ஆக்குறது?"

"நான் ஆக்குறேன் மாமி" என்று ருமைசா அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "உங்களுக்கும் எனக்கும் ஆக்குறேன். வேலைக்குப் போறவங்களுக்கு வைக்க மாட்டேன்."

சமீரா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சென்டரில் முதல் நாளே இரண்டு கூட்டம் பிள்ளைகளுக்குக் கீபோர்டில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டுபோனது. சாயங்காலம் வீடு திரும்பியபோது கூடத்தில் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ருமைசாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். சொன்னது சொன்னபடிதான். சோற்றுப்பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஆணச்சட்டியில் ஒரு கரண்டிக் குழம்புகூட மிச்சமில்லை. சமீரா தோள்பையை ஆணியில் மாட்டினாள். சட்டியை எடுத்து, வேண்டுமென்றே சத்தமாக அடுப்பில் வைத்தாள். வெங்காயம் நறுக்கிப் போட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். ருமைசாவின் கதவு லேசாகத் திறந்து, மறுபடி சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி.